தமிழ்ல ஒரு எழுத்து மாத்தி விளையாடற வார்த்தை விளையாட்டு: எதை ‘ஒரு எழுத்து’ன்னு எடுத்துக்கறது?

சனிக்கிழமை_டீச்சர் எழுதியது:

வணக்கம் மக்களே. எங்க ஏரியா லைப்ரரியில சனிக்கிழமை சாயங்காலம் ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பசங்களுக்கு தமிழ் எடுக்கறேன், சம்பளம் கிம்பளம் கிடையாது, பாடமும் பெருசா கிடையாது, கதை படிக்கறது விடுகதை போடறதுன்னு ஓடும். போன வாரம் ஒரு பொண்ணு அவ இங்கிலீஷ் மிஸ் குடுத்த ஒர்க்‌ஷீட்ட எடுத்துட்டு வந்தா. நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும், ஒரு வார்த்தைய எடுத்துக்கிட்டு ஒரு தடவைக்கு ஒரே ஒரு எழுத்த மட்டும் மாத்திட்டே போகணும், நடுவுல வர்றது எல்லாமே நிஜ வார்த்தையா இருக்கணும், எழுத்தோட எண்ணிக்கையும் வரிசையும் மாறக்கூடாது, கடைசில அவங்க சொன்ன வார்த்தைக்கு வந்து சேரணும். கேட், காட், காக், டாக்னு பூனைய நாயாக்கிடலாம்.

இத தமிழ்ல பண்ணா என்னன்னு போர்டுல நாய் → பூனைன்னு எழுதி விட்டேன். பசங்க பத்து நிமிஷத்துல போட்டுட்டாங்க:

நாய் → பாய் → பானை → பூனை

அழகா இருக்குல்ல? ஆனா அங்கதான் சண்டை ஆரம்பிச்சுது. ஒரு பையன் சொல்றான், பானை பூனையானதுல ப் அப்படியேதான் இருக்கு, ஆ போய் ஊ வந்திருக்கு, அதனால அது பாதி மாற்றம்தான்னு. பக்கத்துல இருக்கறவன், அப்ப பாய்ல ய் போய் னை வந்தது ரெண்டு மாற்றம், மெய்யும் மாறுது ஐயும் புதுசா வந்து உக்காருது, அதனால இந்த விடையே செல்லாதுங்கறான். ரெண்டு பேருமே உயிர்மெய் பாடத்த ஒழுங்கா படிச்சவங்க, எதிர்த்து பேசறதுக்கும் ஒண்ணும் இல்ல. அப்புறம் தலைய வாலாக்குன்னு போட்டதுக்கு ஒரு பொண்ணு தலை → வாலை → வால்னு ரெண்டே தாவல்ல முடிச்சுட்டா. வாலை பிடின்னு சொல்றோமே அந்த வாலையாம். அத ஒத்துக்கலாமா?

அடுத்த வாரம் விதிய எழுதி ஒட்டலாம்னு இருக்கேன். இத தமிழ்ல விளையாடினவங்க யாராவது இருக்கீங்களா? எதை ஒரு எழுத்துன்னு வெச்சுக்கறீங்க, எந்த வார்த்தைய சேத்துக்கறீங்க? நல்ல ஜோடிகள் இருந்தாலும் அள்ளி விடுங்க.

———

நெல்லை_வாத்தியார் எழுதியது:

டீச்சர், இதுல குழப்பமே வேண்டாம். தமிழ்ல எழுத்துன்னா உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. பா ஒரு எழுத்து, பூ ஒரு எழுத்து, னை ஒரு எழுத்து. மூணெழுத்து பேருன்னு நாம சொல்லும்போது எதை எண்ணுதோமோ அதுதான் கணக்கு. யாரும் ‘மதுரை’ய ம், அ, த், உ, ர், ஐன்னு பிச்சு ஆறுன்னு சொல்ல மாட்டாங்க, மூணெழுத்துன்னுதான் சொல்லுவாங்க. உங்க பசங்க போட்ட விடை சரி, மார்க்க போடுங்க.

இந்த விளையாட்டுல உலக ரெக்கார்டு யாருன்னு தெரியுமா? மதுரை சொக்கநாதர். மாணிக்கவாசகருக்காக நரிய பரியாக்கினாரே, ஒரே எழுத்து, ஒரே தாவல். ராத்திரி மறுபடியும் அதே எழுத்த மாத்தி பரிய நரியாக்கிட்டாரு, பாண்டியன்கிட்ட அடி வாங்குனது என்னவோ மாணிக்கவாசகர்தான். ஆவணி மூலத் திருவிழாவுல வருசா வருசம் மதுரையில நடத்துதாங்க, பசங்கள கூட்டிட்டு போய் காட்டுங்க.

துன்பம் → இன்பம், அதுவும் ஒரே எழுத்துதான். ஆறு → நூறும் அப்படித்தான். அம்பு → அன்பு பாத்தீங்களா, நடுவுல ம் போய் ன் வந்துட்டு. வம்புல ஆரம்பிச்சா வம்பு → அம்பு → அன்பு. அங்கேருந்து இன்னொரு தாவல்ல என்பு, எலும்புதான், வள்ளுவர் அன்பையும் என்பையும் பக்கத்துல பக்கத்துலதான வெச்சிருக்காரு.

ஒரு சங்கதி மட்டும் சொல்லிக்கிடுதேன். எழுத்த எடுக்குறது கூட்டுறதுலாம் நம்மகிட்ட ரொம்ப பழசு. சித்திரக்கவின்னு ஒரு செய்யுள் வகை. தண்டியலங்காரம்ங்கற அணி இலக்கண நூல்ல அக்கரச்சுதகம்னு வரும், ஒரு சொல்லுல இருந்து ஒவ்வொரு எழுத்தா குறைச்சுக்கிட்டே போனா வேற வேற பொருள் வரணும். எழுத்து வருத்தனம்னா அதுக்கு நேரெதிர், ஒவ்வொண்ணா கூட்டணும். மாத்திரைச் சுருக்கம்னும் ஒண்ணு உண்டு, அதுல நெடில் குறிலாகும். பாடத்த படமாக்கலாம், நாகத்த நகமாக்கலாம், காலைய கலையாக்கலாம், மாட்ட மடுவாக்கலாம். உங்க முதல் பையன் பாதி மாற்றம்னு சொன்னது இதுகிட்ட வருது, அவன் மூளை சரியான பக்கம்தான் போகுது.

———

மாத்திரை_மங்கை எழுதியது:

வாத்தியார் ஐயா சொல்றது சரிதானுங்க, ஆனா விளையாட்டா பாத்தா அந்த விதி ரொம்ப லூசா இருக்குதுங்க, அதுதான் என் பிரச்சனை. ரெண்டெழுத்து வார்த்தைய எடுத்துக்கோங்க, பால் → மோர். முழு எழுத்து கணக்குல பால் → பார் → மோர், முடிஞ்சுது, யோசிக்கவே வேண்டாம். ஏன்னா பா போய் மோ வர்றத ஒரே மாற்றம்னு விட்டுட்டோம், அதுல ப் மாறுது, ஆவும் மாறுது. நாங்க வீட்ல விளையாடறப்ப மெய்ய மாத்தினா உயிர தொடக்கூடாது, உயிர மாத்தினா மெய்ய தொடக்கூடாது. அப்ப பால் → பார் → போர் → மோர். ஒவ்வொரு தாவலும் வாய்ல சொல்லிப் பாத்தாவே காதுக்கு தெரியும், ஒரே ஒரு சத்தம்தான் மாறுதுன்னு.

இதுல ஒரு கஷ்டமும் இருக்குதுங்க, மறைக்கல. ய், ல், ர்னு மெய்யில முடியற வார்த்தையில இருந்து உயிர்மெய்யில முடியற வார்த்தைக்கு தாவவே முடியாது, ஏன்னா உயிர மாத்தலாம், இல்லாத உயிர கொண்டு வர முடியாது. நாய் கடைசி வரைக்கும் பூனையாகாது. எங்க மாமியாருக்கு இந்த விதி பிடிக்கல, ‘நாய பூனையாக்க முடியாத விளையாட்டு என்ன விளையாட்டு’ன்னு எந்திரிச்சு போயிட்டாங்க.

———

மொட்டைமாடி எழுதியது:

ஃபாலோயிங். மாமியார் கட்சி.

———

கோடிங்_கோவிந்து எழுதியது:

டீச்சர் மேடம், நான் இத கம்ப்யூட்டர்ல ஓட்டிருக்கேன் அதனால வேற பக்கத்துல இருந்து சொல்றேன். மங்கை மேடம் சொல்ற விதிக்கும் வாத்தியார் சொல்ற விதிக்கும் நடுவுல யூனிகோட்னு ஒரு ஆள் (கம்ப்யூட்டர்ல எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்கற முறை) மூணாவதா ஒரு விதி வெச்சிருக்கான், அது ரெண்டு பேருக்குமே பிடிக்காது. பைத்தான்ல ‘பூனை’யோட நீளம் கேட்டா 4ங்கும், ஏன்னா ப தனி, ஊகாரக் குறி தனி, ன தனி, ஐகாரக் குறி தனி. ‘கல்’லு 3, ‘கால்’லு 4, அதனால நீளமே ஒத்து வரலன்னு கல்ல காலாக்க விடாது. இதுல ஒகரம் ஓகாரம் வேற, பாக்க ஒரே மாதிரி இருக்கும் ஆனா உள்ள ஒரே குறியாவும் இருக்கலாம் ரெண்டு துண்டாவும் இருக்கலாம், டைப் பண்ண கீபோர்டப் பொறுத்தது, நார்மலைஸ் பண்ணாம, அதாவது எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு கொண்டு வராம விட்டா பொன்னும் பொன்னும் வேற வேற வார்த்தைன்னு சாதிக்கும். அதனால முதல் வேலை வார்த்தைய முழு எழுத்தா உடைக்கறது. ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு, அது உடைச்சு குடுக்கும். அதுக்கப்புறம் வாத்தியார் விதி அப்படியே செட் ஆயிடும்.

தேடற முறை சிம்பிள்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு இடத்த காலியா விட்டு சாவி போட்டு வெச்சுக்கணும், பகல்னா ‘_கல்’, ‘ப_ல்’, ‘பக_’. அதே சாவி இருக்கற எல்லாமே பக்கத்து வீடு. ஆரம்ப வார்த்தையோட பக்கத்து வீடெல்லாம் முதல் சுத்து, அவங்களோட பக்கத்து வீடெல்லாம் ரெண்டாவது சுத்துன்னு விரிச்சுட்டே போனா, குறி வார்த்தை முதல்ல எந்த சுத்துல சிக்குதோ அதுதான் குறைஞ்ச தாவல், அதுக்கு கீழ முடியவே முடியாது.

பகல் → இரவு போட்டுப் பாருங்க, செம:

பகல் → பரல் → பரவு → இரவு

மூணு எழுத்தும் வேற வேற, மூணே தாவல், இதுக்கு மேல சுருக்க வழியே இல்ல. பரல் தெரியும்ல, சிலம்புக்குள்ள போடற மணி. கண்ணகி சிலம்புல மாணிக்கப் பரல், பாண்டிமாதேவி சிலம்புல முத்துப் பரல், கதையே அதுலதான திரும்புது.

இங்கிலீஷ்ல இத சீரியஸா பண்ணது டொனால்ட் க்னூத்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி. அஞ்செழுத்து வார்த்தை 5757 எடுத்து இதே மாதிரி பக்கத்து வீடு போட்டாரு. அதுல 671 வார்த்தைக்கு பக்கத்து வீடே கிடையாது, ஒரு எழுத்த மாத்தினா வேற வார்த்தையே வராது. அதுக்கெல்லாம் ‘அலூஃப்’னு பேர் வெச்சாரு, யாரோடயும் ஒட்டாம தனியா நிக்கறவன்னு அர்த்தம், அந்த வார்த்தையே அந்த லிஸ்ட்ல ஒண்ணுங்கறதுதான் ஹைலைட்.

———

பழையபேப்பர் எழுதியது:

எந்த வார்த்தைய சேத்துக்கலாம்ங்கற கேள்விய எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. அது இந்த விளையாட்டு பிறந்த அன்னைக்கே பிறந்த சண்டை. 1877 கிறிஸ்துமஸ் அப்ப ரெண்டு சின்னப் பொண்ணுங்க பொழுது போகலன்னு நச்சரிச்சதுக்கு லூயிஸ் கரோல் கண்டுபிடிச்சது. ஆமா ஆலிஸ் கதை எழுதினவரேதான், ஆக்ஸ்ஃபோர்டுல கணக்கு வாத்தியார். ஜூலியா, எத்தேல்னு அக்கா தங்கச்சி. அந்த ஜூலியா பின்னாடி எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு அம்மா ஆனாங்க. 1879 மார்ச்ல இருந்து லண்டன் ‘வேனிட்டி ஃபேர்’ வாரப் பத்திரிகையில ‘டப்லெட்ஸ்’னு போட்டியா வந்துச்சு, அதே வருஷம் புத்தகமாவும் போட்டாங்க.

அவர் போட்ட விதி படிச்சா சிரிப்பு வரும், நடுவுல வர்ற வார்த்தையெல்லாம் நல்ல சபையில பேசக்கூடியதா இருக்கணுமாம். யாரோட சபைன்னு சொல்லல. நிறுத்தி நிதானமா அகராதிய புரட்டிட்டு யாருமே கேள்விப்படாத வார்த்தைய வெச்சு அனுப்பினா என்ன பண்றது? கடைசில எதெல்லாம் செல்லும்னு ஒரு சொற்பட்டியலே புத்தகத்துல சேக்க வேண்டியதாயிடுச்சு. டீச்சர் போட்ட தலை → வால் அவரோட புகழ்பெற்ற புதிர்தான். ஹெட், ஹீல், டீல், டெல், டால், டெயில்னு போவாரு, அந்த ‘டீல்’ ஒரு வகை சின்ன வாத்து. அவருக்கே ஒரு வாத்து தேவைப்பட்டிருக்கு பாருங்க. குரங்க மனுஷனாக்கு, கோதுமைய ரொட்டியாக்குன்னு புதிருக்கு அவர் வைக்கற பேருதான் பாதி சுவை. வெறும் ரெண்டு வார்த்தைய குடுக்காதீங்க டீச்சர், வேலையா குடுங்க.

அந்த வாலைக்கு வருவோம். ‘வாலைப் பிடி’ன்னு சொல்ற வாலை செல்லாது, ஐ வேற்றுமை உருபு சேந்த சொல்ல எல்லாம் விட்டா விளையாட்டே செத்துப் போயிடும், எதோட வேணும்னாலும் ஐ ஒட்டிட்டு தப்பிச்சுடுவாங்க. ஆனா அந்தப் பொண்ணு வேற வழியில ஜெயிச்சுட்டா. வாலைன்னு தனிச் சொல்லே இருக்கு. சித்தர் பாட்டுல வாலைப் பெண்ணுன்னு வர்ற தெய்வம், அப்புறம் திரவம் காய்ச்சி வடிக்கற பாத்திரமும் வாலைதான், வாலைவடித்தல்னு பழைய வேதியியல் புத்தகத்துல பாக்கலாம். அவளுக்கு அது தெரியாதுன்னா தலை → காலை → கால் → வால்னு போட்டிருக்கணும்.

———

யாழ்_வடலி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இதை வீட்டில பெரிய பிள்ளையளோட விளையாடுறனாங்கள், முழு எழுத்துக் கணக்குத்தான். ஒரு விசயம் உங்களுக்கு விளங்கியிருக்கும் எண்டு நினைக்கிறன், மகரத்தில முடியிற நாலெழுத்துச் சொல் வந்தால்தான் உண்மையான கரைச்சல். பக்கம், அப்பம், வட்டம் மாதிரி. நடுவில ஒரே எழுத்து ரெண்டு தரம் நிக்குதெல்லோ, அதில ஒண்டை மட்டும் லேசில மாத்த ஏலாது. முதல் எழுத்தை மட்டும் மாத்திக்கொண்டு பக்கம், துக்கம், ஏக்கம், வீக்கம், நோக்கம் எண்டு அந்த முற்றத்துக்குள்ளேயே சுத்தலாம், வெளியால போறதெண்டால் கஷ்டம்.

அப்பத்தை வட்டமாக்குங்கோ எண்டு நான் ஒருக்கால் குடுத்தனான். அப்பம் வட்டம்தானே எண்டு பிள்ளையள் சிரிச்சவை, பிறகு ஒருத்தருக்கும் வரேல்ல. நான் வச்சிருந்த விடை இது:

அப்பம் → வெப்பம் → வெட்பம் → திட்பம் → திட்டம் → வட்டம்

வெட்பம் எண்டால் வெப்பம்தான், தட்பவெட்பம் எண்டு சொல்லுறமெல்லோ. திட்பம் வினைத்திட்பத்தில வாறது, குறள் அதிகாரம். இதைவிடக் கிட்டடியான வழி ஆரிட்டயும் இருந்தால் போடுங்கோ, எனக்கு ஆசையாக் கிடக்கு.

———

நெல்லை_வாத்தியார் எழுதியது:

வடலி, நல்ல இடத்துல கை வெச்சுட்டீங்க. இதுக்கு இலக்கணத்துலயே காரணம் இருக்கு. தமிழ்ல மெய்யெழுத்துக்குப் பின்னால எது வேணும்னாலும் வந்து நிக்க முடியாது. க், ச், த், ப் இந்த நாலும் தன்னோட இனத்தத்தான் பக்கத்துல விடும், க்குப் பின்னால கதான், ப்புக்குப் பின்னால பதான். அது உடனிலை மெய்ம்மயக்கம். ஆனா ட், ற் ரெண்டும் கொஞ்சம் தாராளம், க, ச, ப மூணையும் சேத்துக்கிடும். வெட்கம், நட்பு, கற்பு, அற்பம்லாம் அப்படி வந்ததுதான், அது வேற்றுநிலை மெய்ம்மயக்கம். நீங்க அப்பத்துல இருந்து தப்பிச்சதே அந்த ட்பங்கற சந்துக்குள்ள புகுந்துதான். ட் முதல்ல மாறுது, ப காத்துக்கிட்டு இருக்கு, அப்புறம் ப மாறுது. வேற்றுநிலை வர்ற சொல்ல நாலஞ்சு மனசுல வெச்சுக்கிட்டா இந்த மாதிரி புதிரெல்லாம் கழண்டு வந்துரும்.

உங்க கேள்விக்கு பதில், நாலு தாவல்ல முடியும்:

அப்பம் → ஒப்பம் → ஒட்பம் → ஒட்டம் → வட்டம்

ஒப்பம் கையெழுத்து. ஒட்பம் அறிவு, ‘கல்லாதான் ஒட்பம்’னு 404-ஆம் குறள் ஆரம்பிக்குது. ஒட்டம்னா பந்தயம்.

———

யாழ்_வடலி எழுதியது:

அடக் கடவுளே. ஒப்பம் எங்களுக்கு நல்லாப் பழகின சொல், எப்பிடி விட்டன் எண்டு தெரியேல்ல. ஆனால் சேர், ஒட்பமும் ஒட்டமும் பதினொரு வயசுப் பிள்ளை எங்கால கேள்விப்பட்டிருக்கும்? அதுக்கு என்ர நீளமான வழிதான் நல்லம் எண்டு நான் விடாமல் நிப்பன்.

———

பழையபேப்பர் எழுதியது:

இதுதான், இதே சண்டைதான் கரோலுக்கும். என் கட்சி வடலி பக்கம். சின்னப் பசங்களுக்கு க்ரியா அகராதி மாதிரி இன்னைக்கு புழங்கற தமிழுக்கான அகராதிய மேசையில வெச்சிருங்க, அதுல இருந்தா செல்லும் இல்லன்னா செல்லாது, பேச்சே கிடையாது. பெரியவங்க விளையாடினா மெட்ராஸ் யூனிவர்சிட்டி லெக்சிகன். அதுல இல்லாத வார்த்தைய கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம், யாரும் தோக்கவே மாட்டாங்க.

———

சனிக்கிழமை_டீச்சர் எழுதியது:

ஐயோ ஒரு கேள்வி கேட்டா இவ்ளோவா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சரி விதிய இப்படி எழுதப் போறேன்: வாத்தியார் ஐயா கணக்குப்படி முழு எழுத்துதான் ஒரு எழுத்து, வேற்றுமை உருபு சேத்த வார்த்தை கிடையாது, சந்தேகம்னா அகராதி. மங்கை சொன்ன விதிய ‘கஷ்டமான ஆட்டம்’னு தனியா கீழ எழுதறேன், அந்த ரெண்டு பசங்களும் அதத்தான் கேப்பாங்க. பழையபேப்பர் சொன்ன மாதிரி வேலையா குடுக்கலாம்னு நானும் ஒண்ணு யோசிச்சேன், நெல்ல சோறாக்கு:

நெல் → நூல் → நூறு → சோறு

வந்துடுச்சு! அப்புறம் கல்ல பொன்னாக்கு: கல் → நெல் → நெய் → பொய் → பொன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. பரவு மாதிரி வினை, ‘ஓடு’ ‘கத்து’ன்னு ஏவறது, அதெல்லாம் சேத்துக்கலாமா?

———

மாத்திரை_மங்கை எழுதியது:

நெல்லு சோறு அருமைங்க. கல்லு பொன்னு மூணுலயே வருதுங்க, கல் → வால் → வான் → பொன். ஆனா நெல்லு நெய்யின்னு போறதுல ஒரு வாசம் இருக்குது, பசங்ககிட்ட ரெண்டையும் காட்டுங்க. குறைஞ்ச தாவலுக்கு ஒரு மார்க்கு, நல்ல வழிக்கு ஒரு மார்க்குன்னு வெச்சா சண்டை வராதுங்க. சரி, நல்ல வழி எதுன்னு அடுத்த சண்டை வரும், அது வரட்டும்.

ஏவல் வினைய கண்டிப்பா சேத்துக்கோங்க, அது இல்லாட்டி உகரத்துல முடியற வார்த்தை பாதி போயிரும்.

———

நெல்லை_வாத்தியார் எழுதியது:

நான் பெயர்ச்சொல் மட்டும்தான்னு சொல்லுவேன், அதுலதான் ருசி. பகல் இரவையே எடுத்துக்கிடுங்க, பரவு இல்லாம போடுதேன்:

பகல் → பகடு → முகடு → முரடு → கரடு → கரவு → இரவு

பகடு எருது. கரடுன்னா சின்னப் பாறைக்குன்று, மதுரை தேனிப் பக்கம் இன்னைக்கும் அப்படித்தான் சொல்லுதாங்க. கரவு கள்ளாமை அதிகாரத்துல ‘களவறிந்தார் நெஞ்சில் கரவு’ன்னு வருது. எல்லாமே பெயர். நீளம்தான், இருந்துட்டுப் போகட்டும்.

———

கோடிங்_கோவிந்து எழுதியது:

வாத்தியாரே வணக்கம் வெச்சுட்டேன். ஆனா நான் மங்கை மேடம் கட்சி. வினை இல்லாட்டி இது கிடைச்சிருக்குமா பாருங்க. தமிழ் விக்சனரி தலைப்புகள எடுத்து பழைய வார்த்தைகள கழிச்சுட்டு எட்ட பத்தாக்குன்னு விட்டேன். வடலி சொன்ன அதே பிரச்சனை, ட்டுல இருந்து த்துவுக்கு நேரா போக வழி கிடையாது, ஏன்னா ட்டுக்குப் பின்னால து வராது, த்துக்குப் பின்னால டு வராது. அதனால நடுவுல மெய்ய தூக்கிட்டு உயிர்மெய்ய போட்டு சுத்திட்டு வருது:

எட்டு → திட்டு → திருடு → திருகு → கருகு → கருது → கத்து → பத்து

ஏழு தாவல். எல்லாமே மூணாவது படிக்கற குழந்தைக்கு தெரிஞ்ச வார்த்தை, ஒரு வாத்து கூட தேவைப்படல.

———

மொட்டைமாடி எழுதியது:

திட்டு, திருடு, திருகு, கருகு, கருது, கத்து. என் ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு மாதிரி இருக்கு.

———

யாழ்_வடலி எழுதியது:

கோவிந்து, அருமை. திருட்டு இல்லாமலும் வரும்போல, எட்டு → குட்டு → குருடு → குருகு → கருகு எண்டு போய் உங்கட வழியில ஏறலாம், அதுவும் ஏழுதான். குருகு ஒரு பறவை. ஆனால் ரெண்டு வழியும் அந்தக் கருகு, கருது, கத்து எண்ட இடத்தாலதான் போகுது, அந்த மூண்டும் வினை. சேர் பெயர்ச்சொல்லாலயே எட்டிலயிருந்து பத்துக்கு வரட்டும் பாப்பம்.

———

நெல்லை_வாத்தியார் எழுதியது:

கடைசிப் பக்கம் சுலபம். விருது → வித்து → பத்து, மூணும் பெயர். முன்னாடியும் திருகு வரைக்கும் வந்துரலாம், திருடும் திருகும் பெயராவும் நிக்கும். திருகுல இருந்து விருதுக்கு ஏறணும், அங்கதான் மாட்டுது, விருகும் இல்ல, திருதும் இல்ல. எருது, மருதுன்னு சுத்திச் சுத்தி வாரேன். கோவிந்து, உங்க மெசின்ல வினைய மட்டும் கழிச்சுட்டு ஒரு ஓட்டு ஓட்டுங்க.

———

கோடிங்_கோவிந்து எழுதியது:

பிரச்சனை என்னன்னா விக்சனரி தலைப்புல எது பெயர் எது வினைன்னு தனியா குறிச்சு வராது வாத்தியாரே, அத நான் பக்கத்துக்குள்ள போய் உருவணும். வீக்கெண்ட்ல பண்ணிட்டு இங்கயே போடறேன். அதுக்குள்ள யாருக்காவது கையால வந்துட்டா போட்டுடுங்க, நான் செக் பண்ணித் தர்றேன்.